சுடலைமுத்து அண்ணாச்சியின் ஒற்றைப் பிரதி

போன வாரம் ரேஷ்மா போனில் கூப்பிட்டாள். கிள்ளிப்பாலத்து அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி இப்போது அவளுடையது. நன்றாகத் தமிழ் பேசுவாள். அவசரம் வந்தால் மட்டும் மலையாளத்துக்குப் போய்விடுவாள்.

“மேடம், ஒரு ரிட்டயர்டு எஞ்சினியர் வந்திருக்காரு. வாழ்க்கை வரலாறு எழுதித் தரணுமாம். முழுப் பணமும் இப்பவே தரேன்னு ஒரே நிர்பந்தம். வாங்கிக்கட்டே?”

“வாங்காதே” என்றேன்.

“அவரு சந்தோஷமாத்தானே தராரு?”

“சந்தோஷமா தர்றவருதான் பெறகு அழுவாரு. முதல் அத்தியாயத்துக்கு மட்டும் வாங்கு.”

“அப்போ பாக்கி காரியமெல்லாம்?”

பாக்கிக் காரியத்தை எழுதியே தருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். எழுத உட்கார்ந்தால் விதிமுறை ஒன்றும் வரவில்லை. விதுராவிலிருந்து பொன்முடிக்குப் போகும் வளைவுப் பாதையும், மழைக்கோட்டை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற சுடலைமுத்து அண்ணாச்சியும்தான் வந்தார்கள். விதிமுறை எல்லாம் அவர் கதைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ரேஷ்மா, இதையே வாசித்துக்கொள். ஆட்களின் பெயரையும் ஊரையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் செய்த வேலைக்கு கோஸ்ட் ரைட்டர் என்று பெயர். என் மாமியார் கடைசி வரைக்கும் பக்கத்து வீட்டில் “இவ டைப் அடிக்கப் போறா” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எத்தனை புத்தகம் எழுதினாலும் அவருக்குக் காட்ட என் பெயர் போட்ட ஒரு அட்டை என்னிடம் இல்லை. வேலை கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. நாகர்கோவிலில் தமிழ் படித்துவிட்டு, சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு இந்த மலையாளத்து ஊருக்கு வந்தேன். பிழை திருத்தும் வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். ஒரு நாள் முதலாளி ஹரிஹரன் சார் ஒரு டேப்பைக் கையில் கொடுத்து, “இவர் பேசறது அப்படியே இருக்கணும். ஆனா வாசிக்கவும் முடியணும்” என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது, போன வருஷம்தான் முடிந்தது.

ஹரிஹரன் சார் கரமனை அக்ரஹாரத்துக்காரர். ஒரு அச்சகத்தில் கணக்குப் பார்த்தவர். கையிலிருந்த காசையெல்லாம் புத்தகத்தில் போட்டுத் தொலைத்துவிட்டு, அடித்த கட்டுகளைப் பழைய பேப்பர் விலைக்குப் போட வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்த் தனியாக இந்த அலுவலகத்தை ஆரம்பித்தார். குரலை உயர்த்த மாட்டார். யாராவது ஆர்வக் கோளாறில் ரூபாய்க் கட்டை எடுத்து மேஜையில் வைத்தால் கையால் தொட மாட்டார். காதில் சொருகியிருக்கும் பென்சிலை எடுத்து, அதன் நுனியால் கட்டை மெல்ல அவர் பக்கமே தள்ளிவிடுவார். “இது இருக்கட்டும். முதல்ல உங்க கதை எனக்கு வேணுமா, என் எழுத்து உங்களுக்கு வேணுமான்னு பாக்கலாம்” என்பார். கிணற்றில் இறங்குகிறவன் ஒரு கையையாவது கயிற்றில் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

சுடலைமுத்து அண்ணாச்சி வந்தபோதும் அப்படித்தான் பென்சில் வேலை செய்தது. பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இலை எடை போடும் வேலையில் இருந்தவர். எஸ்டேட் படுத்துப்போய், பல வருஷம் இழுத்தடித்த கிராஜுவிட்டி அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. வெளியூர்ப் பதிப்பகம் ஒன்று முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டினால் ஆயிரம் பிரதி அடித்து இந்தியா முழுக்க விற்றுத் தருவதாக அவரிடம் சொல்லியிருந்தது. எழுதிக் கொடுக்க மட்டும் ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். அதற்குத்தான் எங்களிடம் வந்தார்.

சார் அந்தப் பதிப்பகத்தைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசவில்லை. “ஆயிரம் புஸ்தகம் எங்க படுத்துக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

அண்ணாச்சிக்குப் புரியவில்லை.

“விக்காத புஸ்தகம் கட்டுக் கட்டா ஆத்துக்கு வந்துடும். உங்களுக்கு எத்தனை ரூம்?”

“ரெண்டு, சார்.”

“கட்டிலுக்கு அடியில கொஞ்சம் வைக்கலாம். பாக்கிய வச்சா, நீங்க ரெண்டு பேரும் எங்க படுத்துப்பேள்?”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிற ஆள். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று.

பிறகு சார் தன்னுடைய வழக்கமான சடங்கை ஆரம்பித்தார். புத்தகம் போட வருகிறவர், அதை யார் யாருக்குக் கையில் கொடுப்பார் என்று வாய்விட்டுப் பெயர் சொல்ல வேண்டும். எழுதி வரக் கூடாது, எதிரே உட்கார்ந்து நினைவிலிருந்து சொல்ல வேண்டும். எத்தனை பெயர் வருகிறதோ, அதற்கு மேல் கொஞ்சம்தான் அச்சு. ‘தமிழ்கூறும் நல்லுலகம்’ என்று ஆரம்பிக்கிற ஆட்களிடம், “அவாத்துல கதவு தட்டினா யார் வந்து திறப்பா?” என்று கேட்பார். பெரிய பெரிய அதிகாரிகளே இருபது பெயருக்கு மேல் திணறிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணாச்சி மகள், மருமகன், யூனியன் செயலாளர், எஸ்டேட் டாக்டர், கூட வேலை பார்த்தவர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் சார், “தமிழ் வாசிப்பாரோ?” என்று கேட்டார். இந்த ஊரில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. வீட்டில் தமிழ் பேசுவோம், சண்டை போடுவோம், சாமி கும்பிடுவோம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழில் புத்தகம் போட்டுவிட்டு, சொந்த மகன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து அட்டைப் படம் நன்றாயிருக்கிறது என்று சொன்னதைக் கேட்டு நொந்துபோனவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

“மக பேசுவா சார். வாசிக்க மாட்டா” என்றார் அண்ணாச்சி. மருமகனும் அப்படியே. யூனியன் செயலாளர் மலையாளி. கொஞ்ச நேரத்தில் பெயர்கள் உதிர்ந்து, ஒரு கை விரலுக்குள் வந்து நின்றன.

“மலையாளத்துல போட்டா நெறையப் பேர் வாசிப்பாளே?” என்றார் சார்.

“இல்ல சார். தமிழ்லதான் வேணும்.”

“அப்போ இன்னும் யாராவது உண்டா?”

அண்ணாச்சி கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஒரு ஆளு உண்டு. பாவநாசத்துல.”

“பேர் சொல்லணும்.”

“வசந்தா” என்றார். முட்டையைத் தரையில் வைக்கிற மாதிரி அவ்வளவு பதனமாகச் சொன்னார்.

சார் அதற்கு மேல் துருவவில்லை. “இத்தனை பேருக்கு எதுக்கு அண்ணாச்சி புஸ்தகம்? நேர்ல போய்ச் சொல்லலாம், ஒரு கடுதாசி போடலாம். ஒத்த ரூபா நஷ்டமில்லை” என்றார். வந்த வேலையையே வேண்டாம் என்று சொல்கிற மனிதரைச் சம்பளம் கொடுக்கும் முதலாளியாக வைத்துக்கொண்டு நான் பிழைத்தேன்.

“கடுதாசி போடப்படாது சார். அவங்க வீட்ல மகன் இருக்கான், மருமக இருக்கா. இந்த வயசுல எவனோ ஒருத்தன் கடுதாசி எழுதுதான்னு ஆவும். புஸ்தகம்னா அப்படியில்ல. புஸ்தகத்த யாரும் யாருக்கும் கொடுக்கலாம்லா?”

சார் பென்சிலை எடுத்துக் காதில் சொருகிக்கொண்டார். வேலையை ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம்.

ஒப்பந்தம் ஒரே பக்கம்தான். முதல் அத்தியாயத்துக்கு மட்டும் பணம். பிடிக்காவிட்டால் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விடலாம். நாங்கள் நகல் வைத்துக்கொள்ள மாட்டோம், பதிவு செய்த பேச்சையும் அவர் கண் முன்னால் அழித்துவிடுவோம். எழுதினது முழுக்க அவருடைய சொத்து. அச்சுக்கூலியை மெய்ப்புப் பார்த்த பிறகு அவரே நேராக அச்சகத்தில் கட்ட வேண்டும், நடுவில் எங்கள் கை கிடையாது. எழுதுகிறவள் பெயர் எந்த மூலையிலும் வராது. இதையெல்லாம் நான் வாசித்துக் காட்டினேன். கடைசி வரியைக் கேட்டு அண்ணாச்சி, “அது பாவமில்லியா டீச்சரே?” என்றார். எஸ்டேட்காரர்களுக்குப் பேனா பிடித்த பெண்பிள்ளை எல்லாம் டீச்சர்தான்.

“எனக்குக் கூலி உண்டு அண்ணாச்சி. புண்ணியம் உங்களுக்கு” என்றேன்.

விதுராவில் சந்தையைத் தாண்டி, பொன்முடி ரோட்டோரமாக ஒரு சின்ன வீடு. எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைவிட்டு இறங்கி வந்து அங்கே இருந்தார்கள். நான் மூன்று முறை போனேன். அண்ணாச்சி பேசினால் மழை பெய்கிற மாதிரி இருக்கும், அவசரமே கிடையாது. இலையோடு ஒட்டியிருக்கும் தண்ணீருக்கு எவ்வளவு கழிக்க வேண்டும், அதில் எப்படியெல்லாம் சண்டை வரும், கூடையில் அட்டை ஊர்ந்து வந்தால் தராசுத் தட்டிலிருந்து அதை எப்படித் தட்டிவிடுவது என்று சொல்வார். அவர் மனைவி பேச்சியம்மாக்கா பால் விடாத கட்டன் சாயா கொண்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனால், அவர் காது இங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வசந்தாவைப் பற்றி வீட்டுக்குள் அவர் பேசியதே இல்லை. இரண்டாம் முறை போனபோது என்னை பஸ்ஸுக்கு விட வந்தார். பஸ் வரத் தாமதமாயிற்று. மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகை உண்டு. வசந்தா அங்கே ஆயா. அம்பாசமுத்திரத்தில் எட்டாவது படித்தவள். அண்ணாச்சி எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மலையாளம் மட்டும் படித்தவர். தராசு மூடிய பிறகு, சாயங்காலம் கொட்டகை வாசலில் நின்றபடியே அவளிடம் தமிழ் எழுத்துப் படித்தார். குழந்தைகளுக்கு மாப்பால் கலக்கும் கரண்டியால் ஈர மண்ணில் எழுதிக் காட்டுவாளாம். கடைசி எழுத்துவரை வந்ததும், அவள் வீட்டில் பாவநாசத்தில் மாப்பிள்ளை பார்த்து, இரண்டு வாரத்தில் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“அந்தா தெரியுதுல்லா, அந்த மலைக்கு அங்கிட்டு எறங்குனா பாவநாசம். காக்காய்க்கு அரை மணி நேரம். நமக்கு பஸ்ல ஒரு நாள்” என்றார். “அவ சொல்லித் தந்த எழுத்துல அவளுக்கு நான் ஒரு வரி எழுதினதில்ல டீச்சரே. படிச்சேன், வாங்கிக்கிட்டேன், அவ்வளவுதான். ஒரு புஸ்தகமாட்டு திருப்பிக் கொடுத்துரணும்னு பாக்குதேன்.”

“அதையே முதல் அத்தியாயமா வைப்போமா?”

“வேண்டாம். முதல்ல எஸ்டேட்டு. அவ மெல்ல வரட்டும்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு மலைக்கு இந்தப் பக்கம் நின்று இத்தனை வருஷம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள். என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர்தான். நான் நாலு நாள் நாகர்கோவிலுக்குப் போனால் பீரோ சாவி எங்கே என்று கேட்க மட்டும் போன் செய்வார். அந்த வசந்தாவுக்கு இப்படி ஒரு கதை மலைக்கு இந்தப் பக்கம் நடந்துகொண்டிருப்பது தெரியவே தெரியாது.

முதல் அத்தியாயம் எழுதியானதும் எங்கள் அலுவலகத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. எழுதினவளே ஆளின் வீட்டுக்குப் போய், அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அந்தக் கதையால் யார் மனசு நோகக்கூடுமோ, அவர் அங்கே உட்கார்ந்து கேட்க வேண்டும். இது மரியாதைக்காக வைத்த விதி இல்லை. முன்பு ஒருவர் தன் சுயசரிதையை அச்சடித்து அட்டையும் ஒட்டிவிட்டார். அப்பாவின் இரண்டாம் கல்யாணத்தை எழுதியதற்குத் தம்பி கோர்ட்டுக்குப் போவேன் என்று நின்றார். அத்தனையும் சாலைக் கடைத்தெருவில் எடைக்குப் போயிற்று. “கடைசியில வரப்போற சண்டை முதல்லயே வந்துடட்டும். முதல்ல வந்தா செலவு கம்மி” என்பார் சார்.

ஆகவே மூன்றாம் முறை போனபோது பேச்சியம்மாக்கா எங்கள் எதிரே உட்கார்ந்தார். மடியில் ஒரு முறம், அதில் பலாக்கொட்டை. மேல்தோலை உரித்துக்கொண்டே கேட்டார். நான் தராசையும் மழையையும் லயத்தையும் வாசித்தேன். குழந்தைகள் கொட்டகையைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. தூளியும் மாப்பாலும் ஈர மண்ணும் அதில் உண்டு. வாசித்து முடித்தேன். அண்ணாச்சி முகம் முழுக்கச் சந்தோஷம்.

“எப்படி இருக்கு அக்கா? எதாவது மாத்தணுமா?” என்றேன்.

பேச்சியம்மாக்கா உரித்த கொட்டையைச் சட்டியில் போட்டார். “நல்லாத்தான் இருக்கு. வசந்தா எங்க?”

நான் தாளைத் திருப்பி அந்த அரைப் பக்கத்தை மறுபடி பார்த்தேன்.

“கொட்டகைய எழுதியிருக்கியோ, தூளிய எழுதியிருக்கியோ. தூளிய ஆட்டுனவ எங்க? அவ இல்லாம அந்த எஸ்டேட்டு கதையா? லயத்துல யாரு கேட்டாலும் சிரிப்பாவ.” முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். “நான் பிள்ளையாட்டு இலை எடுக்க வந்த காலத்துலேயே பாத்ததுதானே இது. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீரு?”

அண்ணாச்சி எழுந்து வெளியே போனார். ரோட்டோரத்தில் முதுகு தெரிய நின்றார். மலை அன்றைக்கு மேகத்துக்குள் இருந்தது. நான் தாள்களை அடுக்கிப் பையில் வைத்தேன். பேச்சியம்மாக்கா மறுபடி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “பஸ்ஸு வந்துரும், போ டீச்சரே” என்றார்.

அடுத்த வாரம் அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்தார். “நிறுத்திக்கிடுதேன் சார்” என்றார். காரணம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் காரணம் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. முதல் அத்தியாயத்துக்கான தொகையைச் சரியாக வைத்தார். சார் அதை எடுத்துக்கொண்டார். நான் தாள்களைக் கொடுத்தேன். பிறகு அவர் கண் முன்னாலேயே பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். பஸ் ஸ்டாப்பில் சொன்னதைப் பதிவு செய்யவே இல்லை, அதனால் அதை அழிக்கவும் வழியில்லை.

அவருடைய கிராஜுவிட்டியில் பெரும்பகுதி அவரிடமே இருந்தது. எங்கள் விதிமுறை ஜெயித்தது. நான் தோற்றேன். அந்தக் கதையின் மிச்சத்துக்காக நான் ஏங்கிய மாதிரி பிறந்த வீட்டுக்குக்கூட ஏங்கியதில்லை. ஒரு விழிஞ்ஞம் காண்ட்ராக்டருக்கும், ஒரு நர்சிங் சூப்பரின்டென்டன்டுக்கும், இன்னும் யார் யாருக்கோ ‘நான்’ ‘நான்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் பேனாவை வைத்துவிட்டு, மண்ணில் கரண்டியால் எழுதின முதல் எழுத்து எதுவாக இருக்கும் என்று யோசிப்பேன். ஒருமுறை சாரிடம், “நாமே கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாமோ?” என்று கேட்டேன். “போறவாளை விடறதுக்குத்தான் அந்த வரியே போட்டிருக்கேன்” என்றார். சொல்லிவிட்டு அவரும் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவருக்கும் மிச்சக் கதை வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

மூன்று நாலு மழைக்காலம் போயிருக்கும். ஒரு நாள் முற்பகல் பேச்சியம்மாக்கா தனியாகப் படியேறி வந்தார். கையில் ஒரு துணிப்பை. அண்ணாச்சி தவறிப்போய் வருஷத் திதி கழிந்திருந்தது. பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். எங்களுடைய முதல் அத்தியாயம். அதன்மேல் கொஞ்சம் ரூபாயையும் வைத்தார்.

“இத முடிச்சுத் தரணும்.”

சார் பென்சிலை எடுத்தார், ரூபாயைத் தள்ளினார். “யாருக்குக் குடுப்பேள்னு பேர் சொல்லணும்மா.”

“வசந்தாவுக்கு.”

“அப்புறம்?”

“அப்புறம் யாருமில்ல. ஒண்ணு போதும்.”

“உங்களுக்கு ஒண்ணு வேண்டாமோ?”

“எனக்கு வாசிக்கத் தெரியாதே. அதுல வரப்போறது எனக்கு மனப்பாடம்.”

சார் முதல் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, “கதை சொல்றதுக்கு அவர் இல்லையேம்மா” என்றார்.

“நான் சொல்லுதேன்.”

அப்போதுதான் அந்த வருஷங்களில் நடந்தது தெரிந்தது. அன்றைக்கு நான் பஸ் ஏறிப் போன பிறகு, அண்ணாச்சி உள்ளே வந்து, சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் பேச ஆரம்பித்திருக்கிறார். மறுநாள் சாயங்காலமும் பேசியிருக்கிறார். அதற்கு மறுநாளும். புத்தகத்துக்குச் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் மனைவியிடம் சொல்லித் தீர்த்திருக்கிறார்.

“முதல்ல எனக்கு நெஞ்சு எரிஞ்சுது டீச்சரே, பொய் சொல்லுவானேன்” என்றார் பேச்சியம்மாக்கா. “பெறகு பாத்தா, சாயங்காலமானா நானே சாயாவப் போட்டு வச்சிட்டு, பெறகு என்னாச்சுன்னு கேக்கேன். அவரு அவளப் பத்திச் சொன்னாலும் எங்கிட்டதானே சொன்னாரு. கல்யாணம் முடிஞ்சு அத்தனை வருசத்துல அவரு எங்கிட்ட அவ்வளவு பேசினதில்ல. இப்பம் சாயங்காலமானா காது சும்மா இருக்கு. அவ கதையாவது யாராவது வந்து சொல்ல மாட்டாவளான்னு இருக்கு.”

சார் அன்றைக்கும் இலவசமாகச் செய்கிறேன் என்று சொல்லவில்லை. “சும்மா செய்யற வேலை எப்பவும் கடைசியிலதான் நடக்கும்மா” என்று அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று பேசினார். அக்காவும் அதைத்தான் விரும்பினார். இந்தத் தடவை ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டும்போது அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். எழுதுகிறவள் பெயர் எங்கேயும் வராது என்ற இடத்தில் மட்டும், “எங்கயுமா?” என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

மறுபடி விதுராவுக்கு பஸ் ஏறினேன். அதே வீடு, அதே கட்டன் சாயா. பேச்சியம்மாக்கா கண்ணை மூடிக்கொண்டு பேசினார். முதல் வாக்கியத்தில் ‘அவரு’ என்று ஆரம்பித்தது, மூன்றாவது வாக்கியத்தில் தானாகவே ‘நான்’ ஆகிவிட்டது. “நான் தராச மூடிட்டு வருவேன். அவ தூளிய ஒரு கையால ஆட்டிக்கிட்டே மறு கையால எழுதுவா.” இத்தனை வருஷம் பிறருடைய ‘நான்’ எழுதிச் சம்பளம் வாங்கினவள் நான். ஒரு நாளும் எனக்கு அது அவ்வளவு சுலபமாக வந்ததில்லை. நான் ஏங்கிக் கிடந்த மிச்சக் கதை முழுக்க வந்தது. மண்ணில் அவள் முதலில் எழுதிக் காட்டியது அ இல்லையாம். அவர் பெயரின் சு. கிளம்புகிற அன்றைக்கும் கொட்டகை வாசலில் அதையே எழுதிவிட்டுப் போனாளாம். அவளைக் கூட்டிக்கொண்டு போன ஜீப் வளைவில் திரும்பின பிறகு, கொட்டகை வாசலுக்குப் போய், மழைக்கு முன்னால் அந்த எழுத்தின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்தாராம் அண்ணாச்சி.

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்ட வேண்டும். மனசு நோகக்கூடிய ஆள் கேட்க வேண்டும் என்பதுதானே விதி. சாரிடம், “இப்போ யாருக்கு சார் வாசிக்கிறது?” என்று கேட்டேன். “அவாகிட்டயே கேட்டுடலாம்” என்றார். அக்காவிடமே கேட்டேன். “எனக்குத்தான் வாசிக்கணும். வேற யாரு இருக்கா?” என்றார்.

வாசித்தேன். அவர் எதையும் உரிக்கவில்லை, எதையும் ஆயவில்லை. வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். சில இடத்தில் என் வாக்கியம் முடியுமுன்னே அவர் உதடு அதை முடித்தது. கடைசிப் பக்கம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தராசு இருந்தது, மழை இருந்தது, வசந்தா இருந்தாள், மலைக்கு இந்தப் பக்கம் நின்ற அத்தனை வருஷமும் இருந்தது. அந்த வருஷங்களில் அவரோடு குடும்பம் நடத்தினவள் மட்டும் எங்கேயும் இல்லை. சொன்னவர் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. கேட்டதை எழுதின எனக்கும் அது கண்ணில் படவில்லை.

“அக்கா, நீங்க இதுல எங்கயுமே வரல்லியே” என்றேன்.

பேச்சியம்மாக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“எழுதுதவ பேரு உள்ள வரப்படாதுன்னு நீதானே டீச்சரே வாசிச்ச?”

அதற்கு மேல் எனக்கு வாசிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய், அடுப்பில் சாயாவைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு வந்தார்.

ஒரே ஒரு பிரதி அடித்தோம். அச்சகத்துக்காரர் சாரிடம் போன் போட்டு, எண்ணிக்கையில் பூஜ்யம் விட்டுப்போயிற்றா என்று கேட்டார். பேச்சியம்மாக்கா அதை மஞ்சள் துணியில் சுற்றி, தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ் ஏறினார். அங்கிருந்து திருநெல்வேலி, அப்புறம் பாவநாசம். கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அந்தப் புத்தகத்தை ஒரு நாள் கையில் வைத்திருக்க ஆசையாக இருந்தது. நகல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நானே வாசித்த ஒப்பந்தம் அது.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது.

“கொடுத்துட்டேன் டீச்சரே.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல்ல. கண்ணாடிய எடுத்து மாட்டிட்டு அங்கனயே உக்காந்து வாசிச்சா. மருமக வந்து என்ன புஸ்தகம்னு கேட்டா. நம்ம எஸ்டேட்டு கதைன்னு சொன்னேன். செரின்னுட்டு அவ போய்ட்டா. நான் பக்கத்துலயே இருந்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா எந்தப் பக்கத்துல வந்து நிக்கான்னு அவ மொகத்தப் பாத்தே தெரிஞ்சுது. கூடைய கவுத்து வைக்குத எடத்துல கைய வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் பக்கத்தத் திருப்பல்ல.”

எனக்கு ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருந்தது. “இத எழுதினது யாருன்னு கேட்டாங்களா அக்கா?”

“கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அவருதான்னு சொன்னேன்” என்றார் பேச்சியம்மாக்கா. “பின்னே வேற யாரு?”